தட்டைக் கூரைக்கு ஃபெல்ட்டா, ரப்பரா?

லண்டனில் சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டியவர்களும், பக்கத்தில் கராஜ் வைத்திருப்பவர்களும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கூரையும் இருக்கின்றன. கராஜுக்கு நானே விரித்த ரப்பர். சமையலறை எக்ஸ்டென்ஷனுக்கு ரூஃபர் போட்ட ஃபெல்ட். மழையிலும் வெயிலிலும் இரண்டின் மேலும் ஏறிப் பார்த்துவருகிறேன். தட்டைக் கூரை நடுவில் ஒழுகுவது அபூர்வம். இணைப்பில், மூலையில், சுவரோடு சேரும் விளிம்பில்தான் தண்ணீர் இறங்கும். ஆகவே, உங்கள் கூரையின் இணைப்புகளை எது நன்றாகக் காக்குமோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரப்பர்: ஒரே விரிப்பு

ரூஃபர்கள் ரப்பர் என்று சொல்வது இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரை. வீடுகளுக்குப் பெரும்பாலும் 1.2 அல்லது 1.5 மி.மீ. தடிமனில் போடுகிறார்கள். கராஜ் அளவுக்கு ஒரே துண்டாக வெட்டித் தருவதுதான் இதன் பெரிய பலம். கூரைப் பரப்பில் இணைப்பே கிடையாது, நெருப்பும் தேவையில்லை.

தார் பட்டால் இந்த ரப்பர் கெட்டுவிடும். அதனால் பழைய ஃபெல்ட்டைப் பிரித்தெடுத்து, 18 மி.மீ. ஓ.எஸ்.பி. பலகை அடித்த பிறகே வேலையைத் தொடங்கினேன். விரிப்பை அரை மணி நேரம் அப்படியே விட்டால் மடிப்புகள் தளர்ந்துவிடும். பிறகு பாதியை மடக்கி, பலகையில் நீர் கலந்த பசையைத் தடவி, மெதுவாக உருட்டிவிட்டு, விளக்குமாற்றால் நடுவிலிருந்து வெளியே தள்ளிக் காற்றை எடுக்க வேண்டும். விளிம்புகளுக்கு கான்டாக்ட் பசை. இரண்டு பக்கமும் தடவ வேண்டும். இங்கே பதம்தான் எல்லாம். தொட்டால் பிசுக்கு தெரிய வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது. ஈரமாக ஒட்டினால், உள்ளே சிக்கிய ஆவி வெயிலில் கொப்புளமாக எழும்பும்.

ஃபெல்ட்: உருகிச் சேரும் அடுக்குகள்

தோட்டக் கொட்டகைக்கு ஆணியடித்துப் போடும் மலிவுச் சரக்கை மனதில் வைத்து ஃபெல்ட்டை எடைபோடக் கூடாது. வீட்டுக் கூரைக்குப் போடுவது, பாலியஸ்டர் துணியில் எஸ்.பி.எஸ். ரப்பர் கலந்த தாரை ஏற்றிய சுருள். குளிரிலும் வளைந்து கொடுக்கும். அடி அடுக்கின் மேல் கல்துகள் பதித்த மேல் அடுக்கு வரும்.

ரூஃபர் டார்ச்சின் சுவாலையைக் காட்ட, சுருளின் அடிப்பக்கம் பளபளவென்று உருகியதும் முன்னே உருட்டினார். இணைப்பு ஓரத்தில் உருகிய தார் மெல்லிய கோடாகப் பிதுங்கி வந்தது. அந்தக் கோடு அறுபடாமல் ஓடினால் இணைப்பு பிடித்துவிட்டது என்று பொருள். அறுந்த இடத்தில் மறுபடி சூடு காட்டினார். எங்கள் எக்ஸ்டென்ஷனில் ஸ்கைலைட்டும் குழாயும் குட்டைச் சுவரும் உண்டு. ரப்பராக இருந்தால் மூலைக்கு மூலை பிரைமர் தடவி, தனித்தனி ஒட்டுப் போட்டிருக்க வேண்டும். ஃபெல்ட்டோ உருகி ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

ஆபத்து நெருப்பில்தான். பலகை இடுக்கில் புகும் சுவாலை கண்ணுக்குத் தெரியாமல் புகையக்கூடும். கூரை ஒப்பந்ததாரர்களின் தேசியக் கூட்டமைப்பு ‘சேஃப் டு டார்ச்’ என்று தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. மர விளிம்புகளின் அருகே தானே ஒட்டிக்கொள்ளும் சுருளைக் கேளுங்கள். பயிற்சியில்லாதவர் கையில் டார்ச்சைக் கொடுக்கவே கூடாது.

பழகிப் பார்த்ததில்

ஏணிக்காலும் விழுந்துகிடக்கும் ஸ்க்ரூவும் ரப்பருக்கு எதிரி. கிழிந்தால் சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல் ஒட்டுப் போட்டுவிடலாம். ஆட்கள் ஏறி நடமாட ஃபெல்ட்டே தாங்கும். ஆனால் கல்துகள் உதிரத் தொடங்கினால் கவனம் வேண்டும், வெயில் தாரை உலர்த்தி வெடிக்க வைக்கும். நன்றாகப் போட்ட ஃபெல்ட் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். ரப்பருக்குத் தயாரிப்பாளர்கள் 50 ஆண்டு வரை சொல்கிறார்கள்.

எதைப் போட்டாலும் சரிவு முக்கியம். பி.எஸ். 6229 என்ற பிரிட்டிஷ் தரம், முடிந்த கூரையில் குறைந்தது 80-க்கு 1 சரிவு கேட்கிறது. அது கிடைக்க 40-க்கு 1, அதாவது மீட்டருக்கு 25 மி.மீ. என்று திட்டமிட வேண்டும். சுவரோடு சேரும் இடத்தில் ரப்பரையோ ஃபெல்ட்டையோ சுவரின் மேல் 150 மி.மீ. ஏற்றிவிடவும் வேண்டும். கூரையின் பாதிக்கு மேல் பிரித்துப் போட்டால், கட்டட விதிகளின்படி வெப்பக் காப்பையும் கூட்ட வேண்டியிருக்கும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை

கராஜ், சிறிய டார்மர், தடையில்லாத செவ்வகக் கூரை என்றால் ரப்பர். ஸ்கைலைட், குழாய், மூலைகள் நிறைந்த கூரை, அடிக்கடி ஆள் ஏறும் கூரை என்றால் இரண்டு அடுக்கு டார்ச் ஃபெல்ட், தேர்ந்த கையால். விலை பேசுவதற்கு முன் ரூஃபரிடம் ஒரு தாளைக் கொடுத்து, இணைப்புகள் எங்கெங்கே வரும், ஒவ்வொன்றையும் எப்படி அடைப்பார் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் வரைபவரிடம் வேலையைக் கொடுங்கள்.