முன்பாரம், பின்பாரம்

நல்ல ஜட்காவை அடையாளம் காணச் சிவப்புக் குஞ்சமும் பித்தளைக் குமிழும் உதவாது. வண்டி கிளம்பி, குதிரை நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் நேரத்தில் அதன் இரு பக்கமும் நீண்டிருக்கும் ஏர்க்கால்களைப் பார்க்க வேண்டும். முதுகுத் திண்டிலிருந்து தொங்கும் தோல் வளையங்களுக்குள் அவை செருகியிருக்கும். வளையத்துக்குள் இலேசாக ஏறி இறங்கி, தோலைத் தொட்டும் தொடாமலும் மிதந்து வந்தால் பூட்டியவர் கெட்டிக்காரர். எப்போதும் வளையத்தை அமுக்கிக்கொண்டே வந்தால் குதிரை இழுப்பதோடு சுமக்கவும் செய்கிறது. மேல்நோக்கி முட்டிக்கொண்டே வந்தால் வயிற்றுவார் குதிரையை அந்தரத்தில் தூக்கப் பார்க்கிறது. குஞ்சத்தை ரசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எழும்பூர், சென்ட்ரல் வாசலிலும், சின்ன ஊர்களின் ரயிலடிகளிலும், பழனி அடிவாரத்திலும் நெடுங்காலம் நின்றவை பெரும்பாலும் மட்டக்குதிரைகள். ஏறத்தாழ 147 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டாத குதிரையைப் பொதுவாக இந்த வகையில்தான் சேர்க்கிறார்கள். இந்தக் குள்ள உருவத்துக்கு வண்டி பூட்டுவதில் தனிச் சிக்கல் உண்டு. சக்கரம் பெரிதாக இருந்தால் மேடுபள்ளத்தில் சுலபமாக உருளும். ஆனால் சக்கரம் பெரிதானால் அச்சு உயரும். அச்சோடு ஏர்க்காலும் உயரும். அதைக் கீழே இழுத்துக் குதிரையின் விலா மட்டத்தில் மாட்டினால் வண்டியின் மூக்கு தாழ்ந்துவிடும். கூண்டுக்குள் இருப்பவர்கள் முன்பக்கம் சரிவார்கள். அத்தனை பேர் பாரமும் அந்தச் சின்ன முதுகில் இறங்கும். சின்ன வண்டியில் உயரமான குதிரையைப் பூட்டினால் கதை தலைகீழ்: ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும், பின்னால் உட்கார்ந்தவர் தெருவில் விழாமல் இருக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும்.

இதனால்தான் விவரம் தெரிந்த தச்சர் குதிரையைப் பார்க்காமல் வண்டி வேலையைத் தொடங்கமாட்டார். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வைக்கும் கட்டையைக் கூட்டியும் குறைத்தும் தளத்தை மட்டப்படுத்துவார். ஏர்க்கால் முனை குதிரையின் தோள்மூட்டு வரை வந்து நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் திரும்பும்போது கழுத்தில் குத்தும். பின்னால் குதிரைக்கும் வண்டிக்கும் இருக்கும் இடைவெளி, ஓட்டத்தில் பின்னங்குளம்பு பலகையில் இடிக்காத அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் வண்டி தனியாகவும் குதிரை தனியாகவும் போவதுபோல இழுப்பில் தளர்ச்சி வந்துவிடும்.

தச்சர் மட்டம் பார்த்துக் கொடுத்தாலும் வேலை அதோடு முடிவதில்லை. இரண்டு சக்கர வண்டியின் நடுநிலை ஒவ்வொரு சவாரிக்கும் மாறும். ஜட்காவில் ஏறியவர்களுக்கு இந்த வசனம் நினைவிருக்கும்: "பெரியம்மா, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க, பின்பாரமா இருக்கு." பெரியம்மா முனகிக்கொண்டே கூண்டுக்குள் புல்லின் மேல் விரித்த பாயில் ஒரு சாண் நகர்வார். "போதும், போதும்." அந்த இரண்டாவது "போதும்" வரும் நேரத்தில்தான் வண்டிக்காரரின் கை எங்கே இருந்தது என்று கவனித்திருக்கிறேன். ஒரு ஏர்க்காலை உள்ளங்கையால் ஏந்திப் பிடித்திருப்பார். எல்லாரும் ஏறிய பிறகும் அதை ஒரு கையால் சிரமமில்லாமல் தூக்க முடிந்தால் சரி. கை விட்டதும் தானாக மேலே போனால் தவறு. சற்றே முன்பாரம், மிகச் சற்றே. மேடு ஏறும்போது தானே முன்னால் குனிந்தும், இறக்கத்தில் பின்னால் சாய்ந்தும் வழியெல்லாம் அந்தக் கணக்கைச் சரிசெய்துகொண்டே போவார். எந்த அளவுகோலும் கையில் கிடையாது. ஜட்கா ஓட்டத்தில் நான் மிகவும் ரசிப்பது வேகத்தையல்ல, இந்தக் குனிதலையும் சாய்தலையும்தான்.

சேணத்துக்கு வருவோம். மாட்டுக்குத் திமில் இருக்கிறது. அதன் முன்னால் நுகத்தடியை வைத்துப் பூட்டாங்கயிற்றைக் கட்டினால் வேலை முடிந்தது. குதிரைக்கு அந்த வசதி இல்லை. பிடரிமயிர் முடிகிற இடத்தில் தோலுக்கு அடியிலேயே எலும்பு மேடு ஒன்று துருத்தி நிற்கும். அதன்மேல் எது உட்கார்ந்தாலும் சில நாளில் புண்தான். எனவே முதுகுத் திண்டு ஒற்றை மெத்தையாக இருக்கக் கூடாது. முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு மெத்தைகள், நடுவில் காற்றோடும் கால்வாய். திண்டை வைத்து வாரை இறுக்கிய பிறகு அந்தக் கால்வாயில் விரல் நுழைந்து முன்னும் பின்னும் போக வேண்டும். பாரவண்டி விலங்குகளுக்காக 1965இல் மத்திய அரசு கொண்டுவந்த வதைத் தடுப்பு விதிகளில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: சேணத்தின் வளைவுக்கும் அந்த எலும்பு மேட்டுக்கும் நடுவே போதுமான இடைவெளி இல்லாமல் சேணம் கட்டக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நுணுக்கமான கைத்தொழில் அறிவைப் பார்ப்பது அபூர்வம். அந்த வரியை எழுதியவர் ஏதோ ஒரு லாயத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

திண்டு சுமப்பது ஏர்க்காலை மட்டுமே. வண்டியை இழுப்பது மார்புப் பட்டை. அகலமான தோலை மார்பின் குறுக்கே போட்டு, கழுத்தின் மேலே செல்லும் மெல்லிய வாரால் தூக்கிப் பிடித்திருப்பார்கள். அது இருக்க வேண்டிய இடம் நான்கு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஒரு விரல் மேலே போனால் மூச்சுக்குழாயில் அழுத்தும். கீழே இறங்கினால் தோள்மூட்டைக் கட்டிப்போட்டு முன்னங்காலை நீட்டவிடாது. பழங்காலத்தார் இந்த இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் குதிரையின் தொண்டையை நெரித்தே வண்டி ஓட்டினார்கள் என்று லெஃபெப்ர் தே நொயெத் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி 1910 வாக்கில் பரிசோதனை செய்து எழுதினார். பல பத்தாண்டுகள் அதை எல்லாரும் நம்பினார்கள். 1970களில் ழான் ஸ்ப்ரூயித் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் பழைய சிற்பங்களைப் பார்த்து அதே மாதிரி சேணம் செய்து, குதிரையைப் பூட்டி ஓட்டியே காட்டினார், தொண்டை நெரியவில்லை. முன்னவர் பட்டையைத் தவறான இடத்தில் கட்டியிருந்தார் என்பதே அவர் வாதம். வரலாற்றுச் சர்ச்சை ஒன்று பட்டையின் இடத்தில் வந்து நின்றதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

மார்புப் பட்டையிலிருந்து வண்டிக்குப் போகும் இழுவார்கள் இரண்டும் நேர்கோட்டில் போக வேண்டும், எங்கும் மடங்காமல், எதிலும் உரசாமல். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சின்னக் கட்டை வருகிறது. குதிரை நடக்கையில் தோள்கள் மாறி மாறி முன்னால் போகும். இழுவார்களை வண்டியில் அசையாத இடத்தில் கட்டிவிட்டால், பட்டை நகர முடியாமல் தோளின் தோலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஓர் ஆணியில் சுழலும் குறுக்குக் கட்டையின் இரு முனைகளில் கட்டினால் கட்டை தோளோடு சேர்ந்து ஆடிக் கொடுக்கும், பட்டை இருந்த இடத்தில் இருக்கும். செலவு குறைவு, பலன் பெரிது. காசை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிட்டு ஏர்க்காலிலேயே கட்டிவிடும் வண்டிகள் உண்டு. அவற்றின் குதிரைகளை மார்பில் உரோமம் போன திட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இறக்கத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கத் தொடைக்குப் பின்னால் ஒரு பட்டை. அதில் ஒரு கை அகலம் தளர்ச்சி. கடிவாளம் வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும்படி இருந்தால் சரி. கண்மறைப்பின் நடுவில் கண் இருக்க வேண்டும், இமையில் தோல் படக் கூடாது. இவ்வளவுதான் மீதி.

பூட்டுகிற வரிசையில் ஒரு கண்டிப்பு உண்டு. சேணமும் கடிவாளமும் முதலில்; வண்டி கடைசியில். அவிழ்க்கும்போது வண்டி முதலில் விலகும், கடிவாளம் அதன் பிறகே கழலும். வண்டியோடு இருக்கும் குதிரையின் தலையிலிருந்து கடிவாளத்தைக் கழற்றுவது எந்த ஊரிலும் மன்னிக்கப்படாத குற்றம். மிரண்டால் பிடிக்க எதுவும் இல்லை. பழகிய கை இதை யோசிப்பதே இல்லை. வாரைக் கொக்கியில் மாட்டும் கை மாட்டிய பிறகு ஒரு தடவை அதன் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கும். மடங்கிய உரோமமோ மணலோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ரப்பர் சக்கரம் வந்து ஜட்காவின் அழகு போய்விட்டது என்று வருந்தும் ரசிகர்கள் இருக்கிறார்கள். சாட்டைக் காம்பை மரச் சக்கரத்தின் ஆரங்களுக்குள் நீட்டிக் கடகடவென்று ஓசை எழுப்பித்தான் கூட்டத்தை விலக்குவார்கள். அந்த ஓசை எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் ரப்பர் கட்சி. அதே 1965 விதிகள் ஒரு மட்டக்குதிரையின் இரு சக்கர வண்டிக்குக் காற்றடைத்த சக்கரம் இல்லாவிட்டால் 400 கிலோவும், இருந்தால் 600 கிலோவும் உச்சவரம்பு வைத்தன. அதே குதிரை, அதே சாலை; சக்கரம் மாறியதும் அதே பாரம் அவ்வளவு இலேசாகிறது. குதிரைக்கு மிச்சமாகும் மூச்சைவிட ஓசை எனக்குப் பெரிதல்ல.

எண்ணிக்கையிலும் அந்த விதிகள் தெளிவு: ஓட்டுநரையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் தவிர்த்து நான்கு பேர். நாளுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரம். இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது.

கோயில் ஊரிலோ கடற்கரையிலோ இனி ஒரு குதிரை வண்டியில் ஏற நேர்ந்தால், ஏறுமுன் முன்பக்கம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். மார்புப் பட்டையின் ஓரத்திலும் திண்டின் அடியிலும் உரோமம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தேய்ந்து தோல் தெரிந்தால் ஏற வேண்டாம். ஏன் ஏறவில்லை என்பதை வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.