திண்ணை உயரம்

மோட்டார் கார்களைப் பற்றி விமரிசனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். அவர்கள் செய்கிற முதல் பிசகு அதுதான் என்பது என் அபிப்பிராயம். நிற்கிற வண்டியில், ஓட்டத் தெரியாத ஒருவரை ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதினால், பாதிக்கு மேற்பட்ட உண்மை எஞ்சின் உறுமுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இரண்டு மாத காலம் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஓட்டத் தெரியாத அந்த ஒருவர் என் அக்கா.

அக்காவுக்கு 76 வயது. திருவண்ணாமலையில், மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளுக்கும் ஐந்து தேர்கள் ஓடும் அல்லவா, அதில் அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வடத்தை எத்தனையோ வருஷம் பிடித்தவள் அவள். பௌர்ணமி தவறாமல், செருப்பில்லாத காலோடு, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்தவள். இப்போது இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. வாசல் வரைக்கும் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டு, உள்ளே திரும்பிவிடுவாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னாள்:

"தம்பி, ஒரு தரம் மலையைச் சுத்தி வந்துடணும்டா. நடக்கிறது இனிமே ஆகாது. கார்ல போனாலும் பரவாயில்ல. ஆனா எட்டு லிங்கத்துக்கும் இறங்கித்தான் கும்பிடுவேன். உள்ளே உட்கார்ந்துக்கிட்டே கன்னத்துல போட்டுக்கிட்டு வரமாட்டேன்."

இந்திரன், அக்கினி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன் என்று மலையைச் சுற்றி எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள். எட்டு முறை இறங்க வேண்டும். எட்டு முறை ஏற வேண்டும். வீட்டு வாசலில் ஏறுவதையும் கடைசியில் இறங்குவதையும் சேர்த்தால் 18. எந்த விமரிசகரும் ஒரு காருக்கு இப்படி ஒரு பரீட்சை வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வைக்கிற பரீட்சை, நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போக எத்தனை விநாடி ஆகிறது என்பது. திருவூடல் வீதியில் முப்பதைத் தொட்டாலே மாடு குறுக்கே வந்துவிடும்.

வண்டி சிறியதாக இருக்க வேண்டும், சந்து அப்படி. ஆட்டோமாடிக்காக இருக்க வேண்டும், காரணம் நான். எனக்கும் இடது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. கடைத்தெரு நெரிசலில் ஒரு ஃபர்லாங் போவதற்குள் கிளட்சை இருபது தரம் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொள்கிற ஆசாமி நான்.

என் பிரச்னையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது ஏறக்குறையத் தீர்ந்துபோன பிரச்னை. தொண்ணூறுகளில் மாருதி ஸென்னில் ஆட்டோமாடிக் வந்தபோது அதை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். விலையும் ஜாஸ்தி, பெட்ரோலும் குடிக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். 2014-இல் மாருதி செலெரியோ ஏ.எம்.டி. என்கிற ஏற்பாட்டோடு வந்த பிறகுதான் நம்மவர்களுடைய பயம் தெளிந்தது. அதில் கிளட்சும் கியர்ப் பெட்டியும் சாதாரண வண்டியில் உள்ளவையேதான். மிதிக்கிற காலுக்கும் தள்ளுகிற கைக்கும் பதிலாக, மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்த ஒரு சின்ன யந்திரம் வேலை செய்கிறது. அதனால் விலையும் அதிகம் ஏறவில்லை. பெட்ரோல் செலவும் கூடவில்லை. ஒரு குறை உண்டு. புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட பையனைப் போல ஒவ்வொரு கியருக்கும் ஒரு கணம் தயங்கி, உட்கார்ந்திருப்பவர் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் மேலே போகும். பெல்ட்டும், விரிந்து சுருங்குகிற கப்பிகளும் கொண்ட இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. அதில் இந்த ஆட்டம் கிடையாது. பலேனோவில் அது இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டு அங்கேயும் ஏ.எம்.டி.யைப் பொருத்திவிட்டார்கள். மலிவானது வருகிறபோது மெதுவானது வெளியே போய்விடுகிறது; பத்திரிகை உலகத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மின்சாரக் கார்களில் கிளட்ச் என்ற பேச்சே இல்லை. 2022-இல் வந்த டியாகோ மின்சார வண்டி போன்றவை தொட்டில் மாதிரி நகர்கின்றன. ஆனால் தொட்டிலுக்குள் போவது எப்படி என்பதல்லவா எங்கள் கேள்வி?

சென்னையில் இருக்கிற மருமகனுக்குப் போன் செய்தேன். "மாமா, உயரமான வண்டியா வாங்குங்க, வயசானவங்களுக்கு அதுதான் சௌகரியம்" என்றான். கடைகளில் கேட்டாலும் இதே பதில்தான். ஆளுக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்து அதில் ஓர் எண்ணைச் சுழித்துக் காட்டினார்கள். அந்த எண் என்ன என்று பார்த்தால், தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி!

இங்கேதான் பெரிய மோசம் நடக்கிறது. காருக்கு உயரம் ஒன்றல்ல. தரைக்கும் வண்டித் தளத்துக்கும் ஓர் உயரம். தளத்துக்கும் இருக்கைக்கும் ஓர் உயரம். இருக்கைக்கும் கதவின் மேல்நிலைக்கும் ஓர் உயரம். முதல் உயரம் கூடக் கூட அக்கா தன் காலைத் தூக்க வேண்டியது கூடும்; அதாவது வலி கூடும். மற்ற இரண்டும் கூடினால் வலி குறையும். வியாபாரிகள் விற்பது முதல் உயரத்தை. பள்ளத்திலும் மேட்டிலும் சவாரி செய்கிற வீரனுக்கு அது வேண்டும். நமக்கு வேண்டியது திண்ணை உயரம்.

பழைய வீட்டுத் திண்ணையில் பாட்டிமார்கள் உட்காருவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஏற மாட்டார்கள். முதுகைத் திருப்பி, கையைப் பின்னால் ஊன்றி, அப்படியே அமர்வார்கள். பிறகுதான் கால் மேலே வரும். எழுந்திருக்கும்போதும் கால் முதலில் தரையைத் தொடும். உடம்பு அதன் பின்னால் போகும். முழங்கால் முழுவதும் மடங்குவதே இல்லை. நம் பெண்கள் காரில் ஏறுகிற முறையும் இதுதான். சேலை கட்டியவள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மற்றொரு காலைத் தெருவில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. முதலில் உட்கார வேண்டும். அப்புறம் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். அக்காவை நிற்க வைத்துத் தையல்கார நாடாவால் அளந்து பார்த்தேன். முழங்காலுக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் இருக்கை இருந்தால் அவள் யார் கையையும் கேட்கவில்லை. அதற்கு நாலு விரல் கீழே போனால் உட்கார்ந்துவிடுகிறாள், எழுந்திருக்க முடியவில்லை. நாலு விரல் மேலே போனால் உட்காரவே முடியவில்லை. எட்டு விரல் அளவுக்குள் அடங்கியிருக்கிறது விஷயம். இதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

அம்பாஸடர் காலத்தில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருந்ததால் முன்பக்கம் தடங்கலில்லாத ஒரே தளம். பின்பக்கம் சோபா மாதிரி இருக்கை. 2014-இல் உத்தரபாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றபோது கண்ணீர் விட்டு எழுதியவர்கள் ஸ்டியரிங் கனத்தையும் எஞ்சின் சத்தத்தையும் நினைத்தா எழுதினார்கள்? பின் ஸீட்டை நினைத்து எழுதினார்கள். அதன் பிறகு வந்த அழகான வண்டிகள் எல்லாம் கூரையைத் தாழ்த்திக்கொண்டு போயின.

கூரையை மறுபடி உயர்த்தியவர்கள் ஜப்பான்காரர்கள். அங்கே 'கெய்' என்று ஒரு சின்னக் கார் வகை, நீளம் 3.4 மீட்டரையும் அகலம் 1.48 மீட்டரையும் தாண்டக் கூடாது என்று சட்டம். பக்கவாட்டில் வளர வழியில்லாததால் மேலே வளர்ந்தார்கள். 1993-இல் அங்கே பிறந்ததுதான் வாகன் ஆர். நம் நாட்டுக்கு 1999-இல் வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் உற்பத்தியான ஸான்ட்ரோவும் நிமிர்ந்து நின்ற வண்டிதான். 2019-இல் வந்த வாகன் ஆர் நீளத்தில் அம்பாஸடரைவிட இரண்டு அடி குறைவு, உயரத்தில் அதைவிட ஜாஸ்தி, சுமார் ஐந்தரை அடி. தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்க்காத உருவம். ஆனால் உள்ளே போகிறவருக்கு மரியாதை செய்கிற உருவம். நானோவும் அந்தச் சாதியே. பத்தடி நீளத்தில் குனியாமல் ஏறும்படி ஒரு கார் செய்ததை ஒரு சாதனை என்றே சொல்வேன். 2015-இல் அதற்கு ஆட்டோமாடிக்கும் வந்தது. ஏழைக் கார் என்று முதலில் சொல்லி விற்றதன் களங்கம் கடைசி வரை போகவில்லை, 2018-இல் நின்றுவிட்டது. கிழவர் கார் என்று சொல்லி விற்றிருந்தால் இன்னும் சீக்கிரம் நின்றிருக்குமோ என்னவோ!

நம் நாட்டில் வரிச் சலுகை நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. 2006-இல் வந்த ஏற்பாடு அது. ஜப்பான் சட்டம் கூரையை உயர்த்தியது என்றால், நம் சட்டம் வண்டியின் வாலை நறுக்கியது, அவ்வளவுதான். நறுக்கிய வண்டிக்கு வீரவேஷம் போடுவதற்காக வயிற்றைத் தூக்கிவிட்டார்கள். 2021-இல் வந்த டாடா பஞ்சின் கதவுகள் நேர்கோணத்துக்குத் திறக்கும். அந்தக் கதவை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கதவு திறந்துவிடுவது உயர்ந்த ஒரு படிக்கட்டை. 2023-இல் வந்த எம்.ஜி. காமெட்டில் இரண்டே கதவு. திறந்தவெளியில் அது அரண்மனை வாசல். எங்கள் சந்தில் அந்த நீளக் கதவைப் பாதிக்கு மேல் திறக்க இடமில்லை.

ஜப்பானில் டைஹாட்சு டாண்டோ என்ற சின்னக் காரில் 2007 முதல் ஒரு பக்கத்து நடுத்தூணையே எடுத்துவிட்டு, நகர்த்துகிற கதவு வைத்திருக்கிறார்கள். முதியவர்கள் பெருகிய நாடு, அவர்களுக்குத் தெரிகிறது. நகர்த்துகிற கதவு நமக்கு ஒன்றும் புதிதல்ல. 1984-இல் வந்து பின்னால் ஆம்னி என்று பெயர் பெற்ற வண்டியில், 2019 வரை அது ஊர் ஊராகக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. தாழ்ந்த தளம், அகன்ற வாசல். ஆனால் அதற்கு ஆட்டோமாடிக் கிடையாது. அதன் வாரிசான ஈகோவுக்கும் கிடையாது. என் காலுக்கு ஏற்ற வண்டியில் அக்காவுக்கு வாசல் இல்லை. அக்காவுக்கு வாசல் இருக்கிற வண்டியில் என் காலுக்கு விடுதலை இல்லை. 2025 டிசம்பரில் வாகன் ஆருக்கு, வெளிப்பக்கமாகத் திரும்புகிற சுழல் இருக்கையைச் சில நகரங்களில் பரீட்சார்த்தமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல ஆரம்பம். திருவண்ணாமலை மாதிரி ஊர்களுக்கு அது சீக்கிரம் வர வேண்டும்.

வேலூரிலும் விழுப்புரத்திலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். பையன்கள் மரியாதையானவர்கள், அக்காவுக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, திரையைத் தொட்டால் பாட்டு வருவதைக் காட்டினார்கள். கூரையில் வானம் தெரிகிற கண்ணாடியைக் காட்டினார்கள். அக்கா அந்தக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே கை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். பிடித்து எழுவதற்கு ஒரு பிடி வேண்டும் அவளுக்கு. ஆட்டோ ரிக்‌ஷாவில்கூட டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பி இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை சொல்கிற அந்த வண்டியில் அந்தப் பக்கத்தில் பிடி இல்லை. "பிடியே இல்லாம எப்படிப்பா எழுந்திருக்கிறது?" என்றாள். அந்தப் பையன் தன் கையை நீட்டினான். நல்ல பையன்தான்; ஆனால் அவன் எங்களோடு வீட்டுக்கு வரப்போவதில்லையே!

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். இருக்கையின் இரண்டு ஓரமும் மேடாகத் தைத்திருந்தால் அமர்ந்தவர் திரும்ப முடிவதில்லை. துணி உறையில் பருத்திச் சேலை ஒட்டிக்கொள்கிறது. அக்கா ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையை இருக்கையின் மேல் விரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பம்பரம் மாதிரி திரும்பிவிட்டாள். தமிழ்நாட்டில் 2019 முதல் அந்தப் பைக்குத் தடை. ஆனால் எங்கள் வீட்டுப் பரணில் நூறு இருக்கிறது.

எந்த வண்டியை வாங்கினோம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் விமரிசனம் விளம்பரமாகிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் வரி 18 சதவிகிதமாகக் குறைந்ததால் எங்களால் வாங்க முடிந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஓட்டத்தில் அது சுமார் ரகம். கியர் மாறும்போது தலையை ஆட்டுகிறது. இருக்கை திண்ணை உயரம்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். யம லிங்கம் வரைக்கும் நான் இறங்கிப் போய்க் கை கொடுத்தேன். நிருதி லிங்கத்தில், "நீ உட்காரு, நானே இறங்கிக்கிறேன்" என்றாள். இறங்கினாள். வருணன், வாயு இரண்டு இடங்களிலும் நான் வண்டியிலேயே இருந்தேன். குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் பாதை ஓரம் கொஞ்சம் மேடு. வண்டியின் மூக்கு மேல் நோக்கி நின்றது. அவள் கால்களை வெளியே எடுத்து வைக்கிற சமயம் கதவு தானாகத் திரும்பி வந்து முழங்காலில் இடித்துவிட்டது. இப்போதெல்லாம் மேட்டில் நிறுத்தினால் நான் எஞ்சினை அணைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய், அவள் இறங்கி முடிக்கிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.