லூர் பட்டியலும் விரால் வாயும்

'புதுசா மீன் பிடிக்கிறவங்களுக்கு' என்று வரும் லூர் பட்டியல்களில் பல, அமெரிக்க ஸ்மால்மவுத் பாஸுக்கு எழுதியவை: ஸ்பின்னர், கிராங்க்பெயிட், ரப்பர் புழு. தெளிந்த, கல் நிறைந்த ஆற்றில் கிரேஃபிஷ் தின்னும் மீன் அது. அங்கே அந்தப் பட்டியல் சரிதான். சங்கராபரணிக்கும் அதையே ஒப்பிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய மார்க்கெட் மீன் கூடைகளைப் பார்த்தாலே பாதி விளங்கிடும். விராலுக்குக் கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய். காற்று குடிக்க மேலே வரும், ஆகாயத்தாமரைக்குள் பதுங்கும். அங்கே மும்முள் தொங்கும் கிராங்க்பெயிட்டை வீசினால் செடிதான் மாட்டும், காசு போச்சு. முள் முதுகோடு ஒட்டிய ரப்பர் தவளை ஒன்று போதும். கெளுத்தி மீசையால் தடவி, ருசி பார்த்துத் தின்பது, அதுக்கு மண்புழுதான்.

இன்னொன்று, நான் படித்த எந்தப் பட்டியலிலும் இல்லாதது. செங்குஞ்சுக் கூட்டம் மேலே புரண்டால் அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். பசியே இல்லாவிட்டாலும் கோபத்தில் தவளையைக் கவ்வும். புதியவருக்கு அது சுலபமான மீன். அப்போ வீசாதீங்க, காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.