மேலதிகாரியை மறுக்கும் பயிற்சி

சிடுசிடுக்கும் மேலாளரைச் சமாளிப்பது எப்படி என்று அலுவலகங்களில் இப்போது வகுப்பு நடக்கிறது. குரலை உயர்த்தாதே, முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசு, குற்றம் சாட்டாமல் உன் கருத்தாகச் சொல். எதுவும் தவறில்லை. ஆனால் இந்தப் பயிற்சியின் பலத்தையும் ஓட்டையையும் அறிய, அதை உயிர்ப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்ட விமானத் துறையைப் பார்ப்பது நல்லது.

1977 மார்ச்சில் டெனெரீஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு 747 விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவர். பக்கத்தில் இருந்த துணை விமானியைச் சோதித்து 747 ஓட்டத் தகுதி கொடுத்தவரும் அவரே. முன்னால் இருக்கும் விமானம் விலகவில்லையோ என்று ஃபிளைட் இன்ஜினியர் சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்காவின் போர்ட்லண்டில், சக்கரக் கோளாறிலேயே கேப்டனின் கவனம் நின்றுவிட, யுனைடெட் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவது மற்றவர்களுக்குத் தெரியும். அழுத்திச் சொல்லத்தான் இல்லை.

1979-இல் நாசா இதற்கென ஒரு பட்டறை கூட்டியது. 1981-இல் யுனைடெட் தன் விமானிகளுக்கு இதற்கான பயிற்சியைத் தொடங்கியது. ஆரம்ப வகுப்புகள் ஆளுமை, தலைமைப் பாணி என்றே சுற்றின. நாகரிகம் கற்றுத்தரும் பள்ளி என்று விமானிகள் சிலர் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருந்தது: ஒருவரின் சுபாவத்தை இரண்டு நாளில் மாற்ற முடியாது. பின்னால் வந்த பயிற்சிகள் சுபாவத்தைவிட நடைமுறையைப் பிடித்துக்கொண்டன. முதலில் விசாரி, அடுத்து எச்சரி, பிறகு நேராக மறு, கடைசியில் கட்டுப்பாட்டை நீயே எடு என்று படிகள் வகுத்தார்கள்.

பலன் கிடைத்தது. 1989-இல் சூ சிட்டியில், கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு முழுதும் செயலிழந்த விமானத்தில் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பயணியாக வந்த ஒரு பயிற்சி விமானியைக்கூட காக்பிட்டுக்குள் சேர்த்துக்கொண்ட கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ், தப்பியதில் இந்தப் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு என்றார். கவனியுங்கள், அங்கே மேலே இருந்தவரும் பயிற்சி பெற்றிருந்தார். நம் அலுவலக வகுப்புகளில் பெரும்பாலும் கீழே இருப்பவர்களைத்தான் உட்கார வைக்கிறார்கள்.

பயிற்சியின் எல்லை மங்களூரில் தெரிந்தது. 2010 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளம் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். இறங்க வேண்டாம், மேலே எழும்பலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருந்தார். அவருக்குப் பேச்சு வராமல் இல்லை. ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. துணை விமானிக்கு அந்த அதிகாரம் தரும் விதிகளில் தெளிவில்லாதது காரணமாக இருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்பதை மங்கலாக விட்டால் இப்படித்தான்.

ஆகவே வகுப்புக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கத்துகிற ஆளிடம் நிதானமாகப் பேசத் தெரிவது எந்த வேலையிலும் கைகொடுக்கும். நிறுவனம் திருந்தும்வரை நாம் காத்திருக்கவும் முடியாது. என் சண்டை வேறு. ‘கடினமான ஆள்’ என்ற முத்திரையை யார் குத்துகிறார்கள்? கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் கேட்டவருக்கும் அதே முத்திரைதான். விமானம் விழுந்தால் கேப்டனும் சேர்ந்தே விழுவார். அலுவலகத்தில் தவறு மேலாளருடையது, அப்ரைசலில் அடி வாங்குவது கீழே இருப்பவர். ஒரு குழுவிலிருந்து எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை எச்சரிக்கைகள் கேட்கப்படாமல் போயின என்பதை மேலாளரின் மதிப்பீட்டிலும் சேர்த்துப் பார்க்கட்டும். அதற்கடுத்த ஆண்டில் சமாளிக்கும் வகுப்புக்கு எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்று கணக்கெடுக்கலாம்.