உயிரைப் பணயம் வைத்து...

விமான சாகசக் காட்சியில் கண்ணுக்குப் பாதி வேலை, காதுக்குப் பாதி வேலை. தூரத்தில் ஒன்பது விமானங்கள் அம்பு முனை மாதிரி சேர்ந்து வரும். உடனே ஒலிபெருக்கியில் ஒரு குரல் உச்சஸ்தாயிக்கு ஏறும். ‘இதோ வருகிறார்கள்... உயிரைப் பணயம் வைத்து... மயிரிழையில்... மரணத்தோடு கைகுலுக்கி...’ மறுநாள் டி.வி.யிலும் இதே வசனம்தான், கூடவே டமாரம் அடிக்கிற பின்னணி இசை. என் சண்டை அந்தக் குரலோடுதான், விமானங்களோடு இல்லை. சும்மா சொல்லக்கூடாது, விமானங்கள் அற்புதம்.

முதலில் ‘மயிரிழை’யை எடுத்துக்கொள்வோம். இரண்டு விமானங்கள் எதிரெதிராகப் பாய்ந்து வருகின்றன. மோதப்போகின்றன என்று நீங்கள் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். திறந்தால் இரண்டும் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சினிமாச் சண்டையில் ஹீரோவின் முஷ்டி வில்லனின் தாடையில் படுவதில்லை. கேமரா வைத்த கோணம் பட்ட மாதிரி காட்டுகிறது. இங்கேயும் அதே சமாசாரம். ஒரு விமானம் உங்களுக்குச் சற்று அருகில், இன்னொன்று அதற்கும் அப்பால். அவ்வளவு தூரத்தில் முன்னே பின்னே என்பதை நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தப் பலவீனத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, கூட்டம் எங்கே நிற்கும் என்று பார்த்து, தரை அடையாளங்களை வைத்து அமைத்த காட்சி அது. அதில் உள்ள புத்திசாலித்தனத்தைச் சொன்னால் கூட்டம் இன்னும் ரசிக்கும். குரல் அதைச் சொல்லாது. மரணத்தைத்தான் கூப்பிடும்.

நிஜமான நெருக்கம் ஃபார்மேஷனில் இருக்கிறது. நம் விமானப்படையின் சூர்யகிரண் குழு 1996-ல் பீதரில் தொடங்கியது. முதலில் கிரண் விமானங்கள். 2011-ல், பயிற்சிக்கு அந்த விமானங்கள் தேவை என்று குழுவையே நிறுத்திவைத்தார்கள். 2015-ல் ஹாக் விமானங்களோடு திரும்பி வந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது ஜெட்டுகள், சில சமயம் ஐந்து மீட்டர் இடைவெளியில். அண்ணா சாலையில் ஆட்டோ விடும் இடைவெளியைவிட ஜாஸ்திதானே என்று சிரிக்காதீர்கள். ஆட்டோ குட்டிக்கரணம் அடிப்பதில்லை.

இதில் ஒரு விஷயம். பக்கத்தில் பறக்கும் பைலட் முன்னால் பார்ப்பதே கிடையாது. தான் ஒட்டிப் பறக்கிற விமானத்தின் உடம்பில் இரண்டு இடங்களை ஒன்றோடொன்று நேராக வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் விலகினால் கையில் ஒரு சின்ன அசைவு, மறுபடி ஒரு சின்ன அசைவு. காட்சி முழுக்க இதுதான். தரை எங்கே, அடிவானம் எங்கே, மேகம் எவ்வளவு தாழ்வு என்கிற கவலையெல்லாம் தலைவர் ஒருவருடையது. மற்றவர்கள் அவரை நம்புகிறார்கள். ‘நம்பிக்கை’ என்பதை மேடைப் பேச்சில் வருகிற அர்த்தத்தில் சொல்லவில்லை. 1982 ஜனவரி 18 அன்று அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் குழு நெவாடா பாலைவனத்தில் ஒத்திகை பார்த்தது. நான்கு விமானங்கள் பக்கம் பக்கமாக ஒரு பெரிய வட்டம் போட்டுக் கீழே இறங்கின. தலைவரின் விமானத்தில் வால் பகுதிக் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டது. மேலே தூக்க முடியவில்லை. மற்ற மூவரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் வரிசை கலையாமல் தரையில் மோதினார்கள்.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, உயிரைப் பணயம் வைக்கிறார்கள்தானே’ என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து இருக்கிறது. யார் இல்லை என்றது? ஆனால் பணயம் வைப்பது சூதாடியின் வேலை. இவர்கள் வருஷக்கணக்கில் செய்வது அதற்கு நேர் எதிர். அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைத்திருக்கிற இடத்தைக் குறைத்துக்கொண்டே போவது.

நான் பி.காம். ஆசாமி. எனக்கு எல்லாமே பற்று வரவாகத்தான் புரியும். ஒரு விமானத்துக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று உயரம், இன்னொன்று வேகம். மேலே ஏறினால் வேகத்திலிருந்து எடுத்து உயரத்தில் போடுகிறீர்கள். கீழே பாய்ந்தால் உயரத்திலிருந்து எடுத்து வேகத்தில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காற்று தன் கமிஷனைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் என்பது மாதச் சம்பளம். பாப் ஹூவர் என்று ஒரு அமெரிக்கப் பைலட் இருந்தார், 2016-ல் காலமானார். ஷ்ரைக் கமாண்டர் என்கிற, கம்பெனி முதலாளிகள் பயணம் போகிற ஜாதி விமானத்தைக் காட்சிக்குக் கொண்டுவருவார். நடுவானில் இரண்டு எஞ்சின்களையும் அணைத்துவிடுவார். அதாவது சம்பளம் நின்று போச்சு. சேமிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வட்டம் அடிப்பார், விட்டு விட்டு உருளுவார், இறங்குவார். மிச்சமிருக்கும் வேகத்திலேயே ஓடி, புறப்பட்ட இடத்தில் வந்து நிறுத்துவார். எஞ்சின் ஓடும்போது இன்னொரு வித்தை. விமானம் தலைகீழாகச் சுழன்றுகொண்டிருக்க, ஜாடியிலிருந்து கண்ணாடி டம்ளரில் ஐஸ் டீ ஊற்றுவார். சிந்தாது. சுழற்சி அவ்வளவு சீராக இருப்பதால், தான் தலைகீழாக இருப்பது டீக்குத் தெரியாது. இந்தக் கலையின் உச்சம் இதுதான் என்பேன். இதில் மரணத்தைக் கூப்பிட எங்கேயாவது இடம் இருக்கிறதா, சொல்லுங்கள்.

கணக்கு உதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் ஷோர்ஹாம். ஒரு பழைய ஹாக்கர் ஹன்ட்டர் ஜெட் வட்டத்தின் உச்சிக்குப் போனபோது இருக்க வேண்டிய உயரம் இல்லை. அந்த இடத்தில் வட்டத்தைக் கைவிட்டு விலகிப் போயிருக்கலாம். போகவில்லை. நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். யாரும் விமான நிலையத்துக்கு உள்ளே இருந்தவர்கள் இல்லை, எல்லோரும் வெளியே சாலைப் பக்கம் இருந்தவர்கள். பைலட் பிழைத்துக்கொண்டார்.

வட்டத்தைப் பாதியில் கைவிட்டு, ‘இன்றைக்குச் சரியில்லை’ என்று திரும்பிப் போகும் பைலட்டுக்கு நம்மில் யார் கை தட்டியிருக்கிறோம்? ‘ச்சே, சொதப்பிட்டான்’ என்போம். ஒலிபெருக்கி இத்தனை வருஷமாக நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் ரசனை அது. இன்னும் கீழே வா, இன்னும் கிட்டே வா என்று கூட்டம் கேட்கிறது என்றால், கேட்கச் சொல்லிக்கொடுத்தது அந்த மைக்.

இந்தத் தொழிலின் விதிகள் பலவும் பிணங்களை எண்ணியபின் எழுதியவை. 1952 செப்டம்பர் 6, ஃபார்ன்பரோ. ஜான் டெர்ரி ஓட்டிய விமானம் வானிலேயே உடைந்து, அவரும் உடனிருந்தவரும், பார்வையாளர்கள் 29 பேரும் இறந்தார்கள். கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது, இத்தனை தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்று பிரிட்டன் அதன் பிறகு விதிகளை இறுக்கியது. 1988 ஆகஸ்ட் 28, ஜெர்மனியின் ராம்ஸ்டைன். இத்தாலியக் குழு வானத்தில் புகையால் ஓர் இதயம் வரைந்தது. அதைத் துளைக்கும் அம்பாக ஒரு விமானம் கூட்டத்தை நோக்கி வந்தது. மோதல். 70 பேர் போனார்கள்.

ஃபார்ன்பரோவில் இன்னொன்றும் நடந்தது. ஓடுபாதையைச் சுத்தம் செய்துவிட்டு, நெவில் டியூக் என்ற பைலட் தன் விமானத்தைக் கிளப்பிக் காட்சியைத் தொடர்ந்தார். வீரம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். உலகப் போரில் பறந்து திரும்பிய தலைமுறை. பக்கத்து நாற்காலி காலியாவதைத் தினமும் பார்த்தவர்கள். டியூக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று துபாயில் நம் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமான்ஷ் சியால் இறந்தார். அன்றைக்கே, மற்றவர்கள் பறக்கலாம் என்று காட்சியைத் தொடர்ந்தார்கள். அமெரிக்க எஃப்-16 குழுவும் வேறு சிலரும்தான் நாங்கள் பறக்கமாட்டோம் என்று விலகினார்கள். அந்த நாளின் சிறந்த நிகழ்ச்சி என் கணக்கில் அவர்களுடையது. விமானம் விற்கிற சந்தை அது, ஆர்டர் புத்தகங்கள் திறந்திருந்தன, எல்லாம் புரிகிறது. வியாபாரத்துக்கும் ஒரு நாள் கடையடைப்பு உண்டு சார். தெருவில் சாவு விழுந்தால் பெட்டிக்கடைக்காரர்கூட ஷட்டரைப் பாதி இறக்குகிறார்.

நம் மெரினாவுக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92-ம் ஆண்டு விழா. 72 விமானங்கள். காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணி வரை, அதாவது வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். ரஃபேல் வந்தது, சுகோய் வந்தது. சூலூரிலிருந்து வரும் சாரங் ஹெலிகாப்டர்கள், மயில் வண்ணத்தில், ஒன்றைச் சுற்றி ஒன்று நடனம் ஆடின. வானத்தில் ஒரு குறையும் இல்லை. உயிரைப் பணயம் வைத்ததாகச் சொல்லப்பட்ட அத்தனை பேரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

கீழே மணலில் ஐந்து பேர் இறந்தார்கள். வெயில், தாகம், நெரிசல். கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது என்றார்கள். பறக்கும் ரயிலில் கால் வைக்க இடமில்லை. கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் வீடு திரும்பப் பல மணி நேரம் ஆனது. ‘மக்களும் குடை, தண்ணீர் எடுத்து வந்திருக்கலாமே’ என்று பேசியவர்கள் உண்டு. எடுத்து வந்திருக்கலாம்தான். ஆனால் எந்த விமானம் எந்த நொடியில் எந்தத் திசையிலிருந்து வரும் என்று எழுதிவைக்க முடிந்த ஒரு விழாவில், பத்து லட்சம் பேர் ஒரு மணிக்கு ஒரே சமயத்தில் எழுந்து எந்த வழியாகப் போவார்கள் என்பதும் எழுதிவைக்கக்கூடிய விஷயம்தான். நிழலுக்கு எத்தனை பந்தல், தண்ணீர் எங்கெங்கே, ஆம்புலன்ஸுக்கு எந்தச் சாலை. பைலட்டுக்குப் போடும் கணக்கில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அடுத்த காட்சி எந்த ஊரில் நடந்தாலும், நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றட்டும். மைக் பிடிக்கிறவர் மரணத்தை விட்டுவிட்டு, எட்டாவது விமானத்துப் பைலட் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லட்டும். இரண்டு சாகசங்களுக்கு நடுவே, கலங்கரை விளக்கம் பக்கம் நெரிசல், இந்தப் பக்கமாகப் போங்கள், தண்ணீர் அங்கே இருக்கிறது என்றும் சொல்லட்டும். குரல் நன்றாகத்தான் இருக்கிறது.