ஷஆர் ஹகவ்வனோத்: சாட்சியமா, சட்டமா?

யூத மறைஞான மரபான கபாலாவின் ஞானி ஐசக் லூரியா சஃபேத் நகரில் வாழ்ந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1572இல் கொள்ளைநோயில் மறைந்தபோது அவருக்கு வயது 38. தம் கைப்பட எழுதியது மிகக் குறைவு. அவர் எப்படி வழிபட்டார், ஓய்வுநாளில் எதை உடுத்தார் என்பவற்றுக்கெல்லாம் முதன்மை ஆதாரம் சீடர் ஹயீம் விட்டாலின் குறிப்புகளே. அவற்றை விட்டாலின் மகன் சாமுவேல் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எட்டு ‘வாயில்’களாகத் தொகுத்தார். வழிபாடும் வழக்கங்களும் அடங்கிய வாயில்தான் ‘ஷஆர் ஹகவ்வனோத்’. 19ஆம் நூற்றாண்டில் அச்சேறும்வரை கையெழுத்துப்படிகளிலேயே வாழ்ந்த நூல் இது.

சட்டநூலாக இது தேறாது. அதே சஃபேத்தில் வாழ்ந்த யோசேப் காரோவின் சட்டத் தொகுப்பான ‘ஷுல்ஹான் அரூக்’, 1565இல் வெனிஸில் அச்சானது. அது விதியைச் சொல்லி மேலே நகர்ந்துவிடும். விட்டாலிடமோ ஒரே பொருளுக்குப் பல உரைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை முரண்படும் இடங்களிலும் இணக்கம் காண அவர் அவசரப்படுவதில்லை. ஒரு வழக்கம் எல்லோருக்கும் உரியதா, தேர்ந்த சீடருக்கு மட்டுமா என்ற வரையறையும் பல இடங்களில் இல்லை.

ஆனால் அடிப்படைத் தர்க்கத்தின் இசைவில் குறையில்லை. தெஃபிலின் என்னும் தோற்பேழைகளில் மறைவசனங்களை அடுக்கும் வரிசை பற்றி இடைக்கால அறிஞர்களான ராஷிக்கும் ரப்பேனு தாமுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு வகையும் அணிவதைப் பக்தியில் பெயர்பெற்றவருக்கே காரோ விட்டுவைத்தார். லூரியாவுக்கு இரண்டும் கட்டாயம். மேலுலகில் அவை வெவ்வேறு ஒளிகளுக்கு உரியவை என்பதால், ஒன்று மெய், மற்றது பிழை என்ற வழக்கே அவரிடம் எழுவதில்லை. அந்தத் தத்துவத்தை ஏற்காதவருக்கு இது வாதமாகாது. ஏற்றவருக்கோ நூல் முழுவதும் இதே தர்க்கம் பிசகாமல் ஓடுகிறது.

நூலின் தலையாய சாதனை அதன் சாட்சிய ஒழுக்கம். லாக் பஓமெர் என்னும் யூதத் திருநாளில் மெரோன் என்ற ஊருக்குச் சென்று லூரியா தம் சிறு மகனுக்கு முடியிறக்கிய செய்தியைப் பாருங்கள். விட்டால் அதைக் கண்டதாகச் சொல்லவில்லை. தாம் குருவிடம் சேருமுன் நடந்தது, யோனத்தான் சாகிஸ் சொல்லக் கேட்டது என்று பெயர் சுட்டிப் பதிகிறார். அவ்வழக்கத்துக்கு வேர் உண்டு என்று காட்டவே எழுதியதாகவும் வெளிப்படையாகச் சொல்கிறார். விட்டாலின் மகனும் தம் சேர்க்கைகளைச் ‘சாமுவேல் கூறுவது’ என்று குறித்துப் பிரித்துவைக்கிறார். தந்தையின் வாக்கைத் திருத்தி மெருகேற்றும் ஆசைக்கு அவர் இடங்கொடுக்காதது அரிய பண்பு.

போட்டிப் பதிப்பு மேயிர் பாப்பர்ஸுடையது. அவருடைய ஆசிரியர் யாக்கோபு செமாஹ், போர்ச்சுகலிலிருந்து வந்த மருத்துவர், புதையுண்டு கிடந்த விட்டாலின் ஏடுகளை மீட்டவர். பாப்பர்ஸ் அவற்றைப் பிற படிகளோடு கோத்து ‘பெரி எட்ஸ் ஹயீம்’ ஆக்கினார். வாசகர் வழிபாட்டு வரிசையில் தடையின்றிச் செல்ல முடிகிறது. அது பெரிய உதவி. விலையும் சிறிதன்று: எது எந்த ஏட்டிலிருந்து வந்தது என்ற தடம் அங்கே மங்கிப்போகிறது.

அச்சு அதற்குமேல் கெடுத்தது. லாக் பஓமெரைக் கையெழுத்துப்படிகள் பண்டை யூத ஞானி சிமோன் பார் யோஹாயின் மகிழ்ச்சிநாள் என்கின்றன. ‘பெரி எட்ஸ் ஹயீம்’ அச்சுப்படியில் ‘ஹெத்’ என்ற ஓர் எபிரேய எழுத்து விழுந்து, அது அவர் மறைந்த நாளாகிவிட்டது. 18ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹயீம் யோசேப் தாவிது அசுலாயே இதைப் பிழையென்று சுட்டினார். எனினும் நினைவுநாள் என்ற நம்பிக்கை பரவி நிலைத்தது. பழியைப் பாப்பர்ஸ் மேல் சுமத்துவது நியாயமன்று. ஆனால் ஒப்புநோக்கச் சாமுவேலின் பாடம் இல்லாதிருந்தால் பிழையை நிறுவுவது கடினமாகியிருக்கும்.

நடைமுறைக் கையேடாகப் பாப்பர்ஸ் முந்துகிறார்; மூலபாடமாகச் சாமுவேலுக்கே முதலிடம். லூரியாவின் பெயரால் ஒரு வழக்கத்தை நிறுவ வருபவர் முதலில் ‘ஷஆர் ஹகவ்வனோத்’ கையெழுத்துப்படிகளைப் பார்க்கட்டும். அங்கே சாட்சி இல்லையென்றால், அதை லூரியாவின் வழக்கம் என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும்.