கரையில் ஒரு ஒயர் கூடை

எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1998 மே மாதத்துப் போட்டோ ஒன்று இருக்கிறது. அப்பா, நான், தம்பி, விழுப்புரத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த சித்தி, சித்தப்பா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். எல்லோரும் தொப்பலாக நனைந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். அம்மா படத்தில் இல்லை. கேமரா சித்தப்பாவுடையது. ஈரக்கையோடு யாரும் தொடக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் காய்ந்த கை அம்மாவுடையது மட்டும்தான். அதனால் போட்டோ எடுத்தது அம்மா. படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஒயர் கூடை தெரியும். அந்தப் படத்தில் அம்மாவைப் பற்றி இருக்கிற ஒரே தடயம் அதுதான்.

இடம், தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா. முடிச்சூர்க்காரர்களான எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனாலும் அதற்கு முன் ஒருமுறைகூடப் போனதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால்தான் உள்ளூரைச் சுற்றிப் பார்ப்பது என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

'வாட்டர் பார்க்குக்கெல்லாம் விமர்சனமாடா?' என்று இதை எழுதப்போவதாகச் சொன்னபோது நண்பன் சிரித்தான். ஏன் கூடாது? சினிமாவுக்கு எழுதுகிறோம், டீக்கடைக்கு எழுதுகிறோம். தென்சென்னைப் புறநகரில் தொண்ணூறுகளில் வளர்ந்த ஒரு தலைமுறை, குடும்பத்தோடு சேர்ந்து சந்தோஷமாக இருப்பது என்றால் என்ன என்பதை இந்த மாதிரி இடங்களில்தான் கற்றுக்கொண்டது. அதை நுகர்வுக் கலாச்சாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போவது எளிது. தள்ளிவிட்டுப் போகிறவர்கள் கரையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்க்காமல் போகிறார்கள் என்பது என் கட்சி.

கிஷ்கிந்தாவை 1995-ல் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். மலையாள சினிமாவில் பெரிய பெயர். 'படையோட்டம்' (1982), மோகன்லால் அறிமுகமான 'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்' (1980) எல்லாம் அவருடைய தயாரிப்பு. அவருடைய மகன் ஜிஜோ இயக்கி 1984-ல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அந்தப் படத்தில் குழந்தைகள் ஒரு அறையின் சுவரிலும் கூரையிலும் சர்வசாதாரணமாக நடந்துபோகிற பாட்டு ஒன்று உண்டு. அறையையே சுழல வைத்து எடுத்தது. தரை எது, கூரை எது என்ற குழப்பத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த அதே சந்தோஷத்தை உடம்புக்கே கொடுத்தால் என்ன? ராட்டினமும் சறுக்கும் செய்வது அதைத்தான். முப்பரிமாணப் படத்தில் பிம்பம் திரையை விட்டு நம்மிடம் வருகிறது. பார்க்கில் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பிம்பத்துக்குள் போகிறோம். சினிமாக்காரர் ஒருவருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

பெயரையும் கவனிக்க வேண்டும். கிஷ்கிந்தை வானரங்களின் ஊர். தாவுகிற, தொங்குகிற, சேட்டை செய்கிற கூட்டத்துக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் கம்பனில் தண்ணீர் விளையாட்டு வருவது கிட்கிந்தா காண்டத்தில் இல்லை. பால காண்டத்தில், மிதிலைக்குக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் வருகிறது. அதற்கென்றே நீர் விளையாட்டுப் படலம் என்று ஒன்று. கிட்கிந்தா காண்டத்தில் தண்ணீர் இருக்கிறது, மழையாக. கார்காலம் முடியட்டும், வருகிறேன் என்று சுக்கிரீவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். ராமன் மலையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சுக்கிரீவனோ அரண்மனைக்குள் கள்ளும் களிப்புமாகக் கிடந்து வாக்கை மறந்துபோகிறான். ஒருவர் உள்ளே களித்திருக்க இன்னொருவர் வெளியே காத்திருப்பது, அதுதான் கிட்கிந்தா காண்டம். இந்தப் பெயர்ப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்குக் காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

கூடையில் என்ன இருந்தது? புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், அத்தனை பேருக்கும் மாற்றுத்துணி, மூன்று துண்டு, அப்பாவின் வாட்ச், பர்ஸ், சித்தியின் செயின். சித்தி அம்மாவைவிட ஒன்பது வயது சின்னவள். சுடிதாரில் வந்திருந்தாள். எங்களோடு குளத்தில் இறங்கிவிட்டாள். அம்மா புடவை. புடவையோடு இறங்காதே என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. வேறு துணி எடுத்து வா என்றும் யாரும் சொல்லவில்லை. நீ வரலியா என்றுகூடக் கேட்கவில்லை. 'அக்கா, பையைப் பாத்துக்க' என்று சித்தி சொன்னதும் அம்மா தலையாட்டியதும் மூச்சு விடுவதுபோல இயல்பாக நடந்தது. குற்றம் பார்க்கின் மேல் இல்லை. எங்கள் மேல்.

அலைக்குளம் நம்மை ஏமாற்றும் விதம் அழகானது. இந்த மாதிரிக் குளங்கள் பெரும்பாலானவற்றில், ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். பெரிய விசிறிகள் அதற்குள் காற்றைத் தள்ளும், காற்று தண்ணீரை அழுத்தும், அது அலையாகப் புறப்பட்டு வரும். மணி அடித்தால் கடல். மெஷினை நிறுத்தினால் தொட்டி. ஒன்பது வயதில் எனக்கு மெரினாவைவிட இது பெரிதாகத் தெரிந்தது. மெரினாவில் அப்பா கையை விடமாட்டார். இங்கே விட்டுவிட்டார். இந்தக் கடல் கொல்லாது என்ற நம்பிக்கைக்குத்தான் டிக்கெட்.

நம் பழைய இலக்கியத்தில் புனலாட்டு கௌரவமான சமாச்சாரம். பெருங்காப்பியத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடும் தண்டியலங்காரம் அதில் புனல் விளையாட்டையும் சேர்க்கிறது. பரிபாடலின் வையைப் பாடல்களில் புதுவெள்ளம் வந்த செய்தி கேட்டதும் மதுரையே ஆற்றுக்கு ஓடுகிறது. முதல் ஆளாக இறங்கத் துடிக்கிறவர்கள் பெண்கள். அலங்கரித்துக்கொள்கிறார்கள், நீர் பீச்சுகிறார்கள், காதலனோடு ஆற்றங்கரையிலேயே சண்டை போடுகிறார்கள். கரையில் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாளா? இருந்திருப்பாள். அடிமைப் பெண்ணையோ தாதியையோ கவிஞர் பாடவில்லை. ஆனாலும், பெண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் முதலில் வருவது விளையாட்டு என்ற நினைப்பு அங்கே இருந்தது. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் அதன் மிச்சத்தை இப்போதும் பார்க்கலாம்.

சென்னைக்கு வந்தால் கதை தலைகீழ். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை இருபது வயதில் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு ஜமுனாவைவிட அம்மாதான் அதிகம் தெரிந்தாள். குடம், அடிபம்பு, வரிசை, பக்கத்து வீட்டுக்காரியோடு ஓயாத பேரம். நகரத்தில் தண்ணீர் என்பது பெண்ணின் வேலை என்பதை அந்த நாவல் அளவுக்குக் கூச்சல் இல்லாமல் சொன்ன படைப்பு தமிழில் குறைவு. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகமும், 1981-ல் பாலசந்தர் எடுத்த படமும் அதையே கிராமத்தில் வைத்து, உரத்த குரலில் சொன்னவை. எங்கள் தெருமுனை அடிபம்பில் அம்மா தினமும் பதினைந்து குடம் அடிப்பாள். கிஷ்கிந்தா போன அன்றும் விடியற்காலையில் அடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

யோசித்துப் பாருங்கள். இடுப்பில் சுமக்க வேண்டாத, வடிகட்ட வேண்டாத, நாளைக்கு வருமா என்று கவலைப்பட வேண்டாத தண்ணீர், அவ்வளவு தண்ணீர், அம்மாவின் கண்ணெதிரே ஆறரை மணி நேரம் அலையடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரிடம் வேலை வாங்கியே பழகிய ஒருத்திக்கு வேலை எதுவும் கேட்காத தண்ணீர் முதன்முறையாக வாய்த்தது. அதில் அவள் கால்கூட நனைக்கவில்லை.

ஏன் என்பதற்கு இன்னொரு பதிலையும் சொல்ல வேண்டும். நனைந்த புடவை என்ற காட்சியை அதற்குள் தமிழ் சினிமா மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தது. மழைப் பாட்டு, அருவிப் பாட்டு என்று முப்பது நாற்பது வருடமாக, ஈரமான பெண் உடம்பு என்றாலே யாரோ ஒருவன் பார்ப்பதற்கானது என்று நமக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். பரிபாடல் பெண் நனைந்தது பெரும்பாலும் தன் சந்தோஷத்துக்கு. திரைப்பெண் நனைந்தது டிக்கெட் வாங்கியவனுக்கு. அம்மா அந்தப் படங்களையெல்லாம் பார்த்தவள். தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சினிமாக்காரர் கட்டிய பூங்காவில் சினிமா போட்ட வேலியைத் தாண்ட முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினால் கொஞ்சம் ஜோடனையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் இல்லை.

தண்ணீர்க் கணக்கு கேட்கிறவர்களும் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. இங்கே எதற்கு அலைக்குளம்? நியாயமான கேள்வி. சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில். அது முழுப் பதில் ஆகாது. ஆனால் ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் குழந்தைகளின் குளத்தை மட்டும் ஊதாரித்தனம் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் முடிச்சூர் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கணக்கை அடையாறு 2015-ல் தீர்த்தது. டிசம்பர் முதல் வாரம் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. தெருவில் படகு வந்தது. அன்றைக்கு மணி அடிக்கவில்லை, மெஷினை நிறுத்த ஆளும் இல்லை. மார்பளவு தண்ணீரில் அம்மா இறங்கினாள். புடவையோடுதான். தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஒரு பையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், எங்கள் சர்ட்டிபிகேட், இந்த ஆல்பம். படகில் ஏற்றிவிடும்போது கவனித்தேன். உடம்பு முழுக்க ஈரம். பை மட்டும் காய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் பையை நனையாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தது ஒருத்திக்குத்தான்.

நம் எழுத்தில் தண்ணீர் ஒன்று தொலைந்த ஆறாக வருகிறது, அல்லது பேரழிவாக வருகிறது. ஏக்கம், இல்லையென்றால் ஒப்பாரி. காசு கொடுத்து நனைகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதுவது இலக்கியத்துக்குக் குறைச்சல் என்று நினைக்கிறோம். என் வாசிப்பில் வாட்டர் பார்க்குக்குப் போன ஒரு நல்ல கதை இதுவரை அகப்படவில்லை. எழுதப்பட்டால், அந்தக் கதை சறுக்கின் உச்சியிலிருந்து தொடங்கக்கூடாது. கரையிலிருந்து தொடங்க வேண்டும். காய்ந்த கை யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும்.

போன மாதம் என் மகள் வாட்டர் பார்க் போகணும் என்று பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு இப்போது அறுபத்தாறு. 'நீயும் வாம்மா, உனக்கும் நைலான் டிரெஸ் எடுக்கலாம்' என்றேன்.

'பையை யாரு பாத்துக்கறது?'

'லாக்கர் இருக்கும்மா.'

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. 'அப்பவே இருந்துதா?' என்று கேட்டாள்.

இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் யாரும் தேடிப் பார்க்கவில்லை.